அடகு நகையா, தொலைந்த ஆடா?

ஆத்துமாவின் விலையைச் சொல்ல, எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கம் ஞாயிறு வகுப்பில் எனக்கு இரண்டு உவமைகள் கைகொடுக்கும்.

ஒன்று, அடகு நகை. வட்டியும் முதலும் கட்டித் திருப்புவதையும் 'மீட்பது' என்றுதானே சொல்கிறோம்? இயேசு தம் உயிரை மீட்கும்பொருளாகக் கொடுக்க வந்தார் என்கிறது மாற்கு 10:45. அந்த விலை வெள்ளியோ பொன்னோ அல்ல, கிறிஸ்துவின் இரத்தம் என்கிறது பேதுருவின் முதல் நிருபம். சரி, அதை வாங்கிக்கொண்டது யார்? சிக்கல் இங்கேதான். 3ஆம் நூற்றாண்டில் ஓரிகன் என்ற கிறிஸ்தவ அறிஞர், பிசாசு என்ற பக்கம் சாய்ந்தார். 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் அன்செல்ம் என்ற இறையியலாளர் மறுத்தார்: பிசாசுக்கு அப்படி உரிமையே இல்லை, கடன்பட்டது கடவுளுக்கு. அடகுக்கடைக்காரரை உவமைக்குள் விட்டால் லேசில் வெளியே போகமாட்டார்!

இரண்டாவது, லூக்கா 15இல் வரும் தொலைந்த ஆடு. அதில் இந்தத் தொல்லை இல்லை. குந்தாரப்பள்ளி சந்தையில் ஆட்டைத் தூக்கிப் பார்த்துத்தான் விலை பேசுவார்கள். இந்த மேய்ப்பரோ 99ஐ விட்டுவிட்டு தொலைந்த ஒன்றைத் தேடிப் போகிறார், வியாபாரிக்குக் கட்டாது. ஆனால் இதில் சிலுவை எங்கே? அதற்கு யோவான் 10ஐப் புரட்ட வேண்டும். அங்கே நல்ல மேய்ப்பர் ஆடுகளுக்காக உயிரையே கொடுக்கிறார்.

பிள்ளைகளிடம் நான் ஆட்டைத்தான் சொல்கிறேன். வட்டி கட்டி நொந்த பெரியவர்களுக்கு நகைதான் சட்டென்று பிடிபடுகிறது.