மரத்தில் விக்டரி, பிளாஸ்டிக்கில் விக்டரி, சாம்பல் பூசிய எம்டன்

கப்பல் மாடல் கட்டலாம் என்று யாராவது வாயெடுத்தால் போதும், "முதலில் பிளாஸ்டிக்கில் ஆரம்பி, கை பழகியதும் மரத்துக்குப் போ" என்று ஒரு குரல் வந்துவிடும். எனக்கும் வந்தது. நம்பி, விக்டரி என்ற பழைய பிரிட்டிஷ் பாய்மரப் போர்க்கப்பலின் பிளாஸ்டிக் மாடலை வாங்கினேன். உடல் இரண்டே துண்டு. பலகைக் கோடுகள், ஆணித் தலைகள் எல்லாம் அச்சிலேயே விழுந்திருந்தன. ஒரே வாரத்தில் உடல் ஒட்டி முடிந்தது. அதற்குப் பிறகு ஒன்பது மாதம் அந்தக் கப்பல் பாய்மரம் இல்லாமல் அலமாரி மேல் மொட்டையாக நின்றது.

பிளாஸ்டிக் சுலபம், மரம் கஷ்டம் என்கிற கணக்கில் ஏதோ இடிக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. பின்னால் ஒரு மர விக்டரியையும், 1/350 அளவில் (நிஜத்தில் 350-இல் ஒரு பங்கு) எம்டன் என்ற ஜெர்மன் இரும்புப் போர்க்கப்பலையும் கட்டிய பிறகு தெளிவானது: கஷ்டம் மூன்றிலும் உண்டு, அது உட்கார்ந்திருக்கும் இடம்தான் வேறு. மரத்தில் அது ஆரம்பத்திலேயே வாசலை மறிக்கும். பிளாஸ்டிக் பாய்மரக் கப்பலில் கடைசிவரை ஒளிந்திருந்து பிடிக்கும். இரும்புக் கப்பலில் பொடிப்பொடியாகத் தூவிக் கிடக்கும். இந்த மூன்றையும் அருகருகே வைத்துப் பார்ப்பதுதான் இந்த அலசல்.

முதலில் அளவு. விக்டரி 1765-இல் நீரில் இறக்கப்பட்டு, 1805 டிரஃபால்கர் கடற்போரில் பிரிட்டிஷ் தளபதி நெல்சனின் கொடிக்கப்பலாக நின்று, 1922 முதல் போர்ட்ஸ்மத்தில் உலர்துறையில் இருக்கும் கப்பல். அணியத்து (முன்முனை) சிலையிலிருந்து அமரம் (பின்முனை) வரை சுமார் 69 மீட்டர். 1/72 மர மாடலில் அது 96 செ.மீ.; 1/100 பிளாஸ்டிக்கில் 69; 1/180-இல் 38-க்குக் கொஞ்சம் மேல். இந்தக் கணக்கை மட்டும் நம்பி அலமாரியை அளந்தால் ஏமாந்துபோவீர்கள். அணியத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மரமும் பின்னால் துருத்தும் பாய்க்கழியும் இதில் சேரவில்லை. நடுப் பாய்மரத்தின் உச்சி நீர்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 62 மீட்டர் உயரம். நீருக்குள் இருக்கும் பகுதியையும் சேர்த்தால் 1/72-இல் மாடல் ஒரு மீட்டர் உயரம் நிற்கும்.

எம்டன் 118 மீட்டர் நீளம். விக்டரியைவிட ஐம்பது மீட்டர் அதிகம்; ஆனால் 1/350-இல் 34 செ.மீ.தான். புத்தக அலமாரியில் ஒரு தட்டு போதும். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன கப்பல். கெட்டிக்காரப் போக்கிரியைப் பார்த்தால் இன்றும் "சரியான எம்டன்" என்கிறோமே, அந்த எம்டன். நான் இதைத் தேர்ந்தெடுத்ததில் அந்தச் சொல்லுக்கும் பங்கு உண்டு. ஒளிப்பானேன்?

உடல்

மரக் கிட்டில் (பாகங்கள் அடங்கிய பெட்டி) உடல் என்று ஒன்று இருக்காது. ஒரு தட்டையான நடுச்சட்டம், அதில் செருக வேண்டிய குறுக்குச் சட்டங்கள், ஒரு கட்டுப் பலகைக் கீற்றுகள், அவ்வளவுதான். குறுக்குச் சட்டங்களைச் செங்குத்தாக நிறுத்தி, ஓரங்களை உப்புத்தாளால் சாய்வாகத் தேய்த்து, ஒரு கீற்றை வளைத்துப் பார்த்தால் அது எல்லாச் சட்டத்தையும் இடைவெளியின்றித் தொட வேண்டும். இந்தத் தேய்ப்பில் அவசரப்பட்டவர்கள்தான் பிறகு இடைவெளி அடைக்கும் பட்டியை டப்பா டப்பாவாகக் கரைக்கிறார்கள்.

அடுத்தது பலகை. கப்பலின் வயிறு அகலம், அணியம் குறுகல். வயிற்றில் இருபது கீற்று பிடித்தால் அணியத்திலும் அதே இருபதுதான் வந்து முடிய வேண்டும். ஆகவே ஒவ்வொரு கீற்றையும் முன்பக்கம் மெலிதாக்க வேண்டும். தண்ணீரில் ஊறவைத்து, சூடு காட்டி, வளைத்து, பசை போட்டு, காயும்வரை பிடித்துவைக்க வேண்டும். ஒருநாள் இடப்பக்கம் ஒட்டினால் மறுநாள் வலப்பக்கம். ஒரே பக்கமாக ஒட்டிக்கொண்டே போனால் நடுச்சட்டம் முறுக்கிக்கொள்ளும். பெரும்பாலான கிட்டுகளில் இரண்டு அடுக்குப் பலகை வைத்திருக்கிறார்கள். முதல் அடுக்கில் செய்த பாவத்தை இரண்டாம் அடுக்கு மறைக்கும். ஒரு பாவத்தை மட்டும் மறைக்காது: பீரங்கிச் சாளர வரிசை. விக்டரியில் மூன்று தளப் பீரங்கிகள், ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று வரிசை. நடுவில் ஒரு சாளரம் ஒரு மில்லிமீட்டர் இறங்கினாலும், கப்பலைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கூட அங்கேதான் விரலை நீட்டுவார்.

பிளாஸ்டிக்கில் இந்தத் தலைவலி கிடையாது. சாளரங்கள் அச்சில் வந்தபடி நேராக இருக்கும். எம்டனிலும் அப்படியே. உடலுக்கும் மேல்தளத்துக்கும் நடுவில் விழும் இடைவெளியைப் பட்டி வைத்துத் தேய்த்தால் ஒரு மாலையில் வேலை முடிந்தது. உடலை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொன்னால் பிளாஸ்டிக்குக்குத்தான் வெற்றி.

கயிறு

தீர்ப்பு தலைகீழாவது இங்கேதான். பாய்மரக் கப்பலின் கயிறு அலங்காரமில்லை, அது ஓர் இழுவிசைக் கட்டமைப்பு. முன்னால் ஒரு கயிறு இழுக்க, பின்னால் ஒன்று இழுக்க, பக்கக் கயிறுகள் இரண்டு பக்கமும் இழுக்க, அந்தச் சண்டைக்கு நடுவில்தான் பாய்மரம் நேராக நிற்கிறது. மாடலிலும் இதே கதைதான். முன்கயிற்றை விறைப்பாகக் கட்டினால் பாய்மரம் ஒரு மயிரிழை முன்னால் சாயும்; உடனே பின்கயிறு தொய்யும். பின்கயிற்றை இழுத்தால் முன்கயிறு தொய்யும். மரக் குச்சி இந்த இழுப்பைத் தாங்கிக்கொள்ளும். அச்சில் வார்த்த மெல்லிய பிளாஸ்டிக் வாழைத்தண்டு மாதிரி வளைந்து கொடுக்கும். மேல் அடுக்குக் கம்பங்கள் இன்னும் மெல்லிசு. நான் கட்டிப் பார்த்ததில் மூன்று பாய்மரமும் மூன்று திசை பார்த்தன; கழற்றிவிட்டேன். என் ஒன்பது மாதத்துக்குக் காரணம் இதுதான்.

பரிகாரம் இருக்கிறது. பாய்மரத்தின் இரு பாதிகளையும் ஒட்டுவதற்கு முன்பே உள்ளே பித்தளைக் கம்பி வைத்துவிட வேண்டும். மேல் கம்பங்களைப் பிளாஸ்டிக்கிலேயே விடாமல் மரத்திலோ பித்தளையிலோ புதிதாகச் செய்துகொள்ள வேண்டும். கயிறு முடியும் ஆப்புகளையும் உலோகத்தில் மாற்றுவது நல்லது. பிளாஸ்டிக் ஆப்பு முடிச்சின் கடைசி இழுப்பில் ஒடியும். இதையெல்லாம் செய்துவிட்டால் அதைப் பாதி மர மாடல் என்றே சொல்லலாம். "சுலபமானது" என்ற பெயரில் வாங்கிய பெட்டிக்கு இது கொஞ்சம் அதிகம்.

மற்ற விதிகள் இரண்டுக்கும் பொது. நூலைத் தேன்மெழுகில் இரண்டு முறை இழுத்தால் பிசிறு படியும். பாய்மரத்தைத் தாங்கும் தார் பூசிய நிலைக்கயிறுகள் கறுப்பும் பழுப்புமாக, பாயை ஏற்றி இறக்கும் ஓடுகயிறுகள் வெளிர் நிறத்தில். பக்கக் கயிறுகளை வலப்பக்கம் முன்னால் ஒரு ஜோடி, பிறகு இடப்பக்கம் ஒரு ஜோடி என்று மாற்றி மாற்றிக் கட்டுவதுதான் அக்காலக் கப்பலிலும் வழக்கம். அப்போதுதான் பாய்மரம் ஒரு பக்கம் சாயாது. பக்கக் கயிறுகளுக்குக் குறுக்கே ஏணிப்படி போல ஓடும் சிறு கயிறுகளின் இடைவெளி நிஜத்தில் ஓர் அடிக்குச் சற்று மேல். 1/72-இல் நாலரை மில்லிமீட்டர், 1/100-இல் மூன்றேகால். ஒவ்வொரு குறுக்கலிலும் ஒரு முடிச்சு. எண்ணாதீர்கள். எண்ணினால் கை நின்றுவிடும். இந்த வேலை சிலருக்கு ஜபமாலை உருட்டுவது போல, சிலருக்குத் தண்டனை. நீங்கள் எந்த ரகம் என்று தெரியாமல் பாய்மரக் கப்பல் பக்கம் போக வேண்டாம். அதற்கு ஒரு பாய்மரம் மட்டுமே உள்ள சிறு கப்பல் போதுமான சோதனை.

எம்டனுக்குக் கயிறு சொற்பம்: கம்பியில்லாத் தந்திக்கான சில இழைகள், கொடிக்கயிறு. ஆனால் இங்கே தடிமன்தான் வில்லன். 0.1 மி.மீ. நூல் 1/350-இல் மூன்றரை சென்டிமீட்டர் தடித்த வடமாகிவிடும். பாகங்கள் ஒட்டிவரும் பிளாஸ்டிக் சட்டத்தைத் தீயில் காட்டி, இளகியதும் மெல்ல இழுத்தால் தலைமுடியைவிட மெல்லிய இழை கிடைக்கும். காசில்லாத வித்தை. ஆனால் தும்மினால் அறுந்துவிடும். நீளும் தன்மையுள்ள மெல்லிய நூல் கை பட்டாலும் பழைய இடத்துக்கே திரும்புகிறது. எனக்கு இப்போது அதுதான் பிடித்தம். கைப்பிடி வேலி மூன்று மில்லிமீட்டர் உயரம்கூட வராது. அமிலத்தால் அரித்தெடுத்த பித்தளைத் தகட்டில் தனியாக விற்கிறார்கள். அதை மடித்து, வெட்டி, சூப்பர் குளூ தொட்டு ஒட்டும்போது மூச்சை அடக்கப் பழகிக்கொள்வீர்கள். ஒவ்வொன்றும் ஐந்து நிமிட வேலை. அப்படி நூறு இருக்கும்.

எந்த நாள்?

கப்பலை எந்த நாளின் தோற்றத்தில் காட்டப்போகிறோம்? வண்ணம் பூசுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது. பெட்டியின் மேலுள்ள படத்தை வேதவாக்காக எடுத்துக்கொண்டால் சறுக்கும். விக்டரியின் மஞ்சள் பட்டைகளைப் பல காலமாக அழுத்தமான நிறத்தில்தான் பூசிவந்தார்கள். பழைய வண்ண அடுக்குகளை ஆராய்ந்த பிறகு, 2015-இல் கப்பலையே வெளிறிய, லேசாக ரோஜாச் சாயல் கொண்ட நிறத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஸ்டாக்ஹோமில் 1628-இல் முதல் பயணத்திலேயே மூழ்கி, 1961-இல் மேலே தூக்கப்பட்ட வாசா கப்பலுக்கும் இதே விதி. பின்புறச் சிற்பங்களின் பின்னணி நீலம் என்று நினைத்திருந்தார்கள். மரத்தில் ஒட்டியிருந்த துகள்களைப் பார்த்தால் சிவப்பு.

எம்டனில் இந்தக் கேள்வி இன்னும் சுவை. சமாதான காலத்தில் வெள்ளை உடல்; "கிழக்கின் அன்னம்" என்று பெயர். 1914-இல் சாம்பல் பூச்சு. அதோடு முடியவில்லை. எம்டனுக்குப் புகைபோக்கி மூன்று. பிரிட்டிஷ் கப்பலென்று ஏமாற்றக் கித்தானில் நான்காவதாக ஒன்றைப் போலியாக நிறுத்திக்கொண்டுதான் அக்டோபர் 28 விடியலில் பினாங்கு துறைமுகத்துக்குள் நுழைந்தது. ஆக, பினாங்கு நாளைக் காட்ட வேண்டுமென்றால் பெட்டியில் இல்லாத ஒரு பாகத்தைக் காகிதத்தில் சுருட்டிச் செய்ய வேண்டும். பத்து நிமிட வேலை. பார்க்கிற எல்லோரும் கேட்கும் முதல் கேள்வியும் அதுவே.

காட்சிக்கு வைப்பது

பலர் கடைசியில் யோசிப்பது இது. நானோ பெட்டியைத் திறப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடுவேன். இரண்டு பித்தளைத் தூண்களில் நிறுத்துவதானால் திருகுக்கான நட்டை உடலை மூடுமுன் உள்ளே பதிக்க வேண்டும். கயிறெல்லாம் கட்டி முடிந்த கப்பலைத் தலைகீழாகப் பிடித்துத் துளையிடுவது என்ன சுகம் என்று ஒருமுறை செய்தவருக்குத் தெரியும்.

முழு உடலா, நீர்மட்டம் வரையா? விக்டரிக்கு முழு உடல்தான். செப்புத் தகடு வேய்ந்த அந்த வயிறு பாதி அழகு. எம்டனுக்கு நீர்மட்டத்தோடு வெட்டிக் கடலில் வைப்பதையே தேர்ந்தேன். ஜெல் தடவிச் செய்த அலைக்கு நடுவில்தான் இரும்புக் கப்பலுக்கு உயிர் வருகிறது. 1971-இல் ஜப்பானிய நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய 1/700 நீர்மட்ட வரிசை இத்தனை காலம் நிற்பதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். ஒன்று கவனம்: அலை கிழித்து ஓடும் கப்பலின் அணியத்தில் கொடி பறக்கக் கூடாது. அது நங்கூரமிட்ட கப்பலின் அடையாளம்.

பாய் விரிப்பதா? என் பதில் வேண்டாம். 0.2 மி.மீ. துணி 1/72-இல் பதினான்கு மில்லிமீட்டர் தடித்த கம்பளமாகிவிடும். மாதக்கணக்கில் கட்டிய கயிற்றையும் மறைத்துவிடும்.

மாடலை மூடி வைக்கும் கூண்டு கட்டாயம். கயிற்றில் படிந்த தூசியைத் துடைக்க வழியே இல்லை. அக்ரிலிக், கண்ணாடியின் எடையில் பாதிதான்; ஆனால் கீறும், துடைக்கத் துடைக்க மின்னேற்றம் பெற்றுத் தூசியை இழுக்கும். கண்ணாடி கீறாது, ஒரு மீட்டர் கூண்டென்றால் தூக்க இரண்டு பேர் வேண்டும். சின்ன எம்டனுக்கு அக்ரிலிக், பெரிய விக்டரிக்குக் கண்ணாடி என்று பிரித்துக்கொண்டேன். எதுவானாலும் நேர் வெயிலில் வேண்டாம்: பிளாஸ்டிக் நெளியும், நூல் வெளுக்கும்.

கூண்டின் அடிப்பலகைக்கு ஓக் மரம் கம்பீரமாக இருக்கிறது என்று போடாதீர்கள். அது மெல்ல மெல்ல அசிட்டிக் அமில ஆவியை விடும். மூடிய கூண்டுக்குள் அந்த ஆவி தேங்கினால், ஈயத்தில் வார்த்த பீரங்கியும் நங்கூரமும் வெள்ளைப் பொடியாகப் பூத்து உதிரும். அருங்காட்சியக மாடல்களிலேயே நடந்திருக்கிறது. பாகம் ஈயமா என்று சந்தேகம் வந்தால் பித்தளையில் மாற்றிவிடுங்கள். கூண்டின் அடியில் காற்றுக்கு இரண்டு சிறு துளையும் விடுங்கள்.

முதல் கப்பலுக்கு எது என்று கேட்டால் எம்டன் மாதிரி சிறிய இரும்புக் கப்பல், நீர்மட்டம் வரை. கயிற்று வேலை பிடித்துவிட்டதென்றால் நேரே மரம். பிளாஸ்டிக் விக்டரி இரண்டுக்கும் பிறகு.

என் மொட்டை விக்டரிக்கு ஒரு சமயம் சாக்கு கிடைத்தது. 1765-இல் நீரில் இறங்கிய கையோடு விக்டரியைப் பாய்மரம் கழற்றி, மேலே கூரை போட்டு, மெட்வே ஆற்றில் பதின்மூன்று வருடம் சும்மா நிறுத்திவைத்திருந்தார்கள். அப்படியானால் என்னுடையதும் வரலாற்றுப்படி சரிதானே என்று கூரை செய்ய அட்டைகூட வெட்டிவிட்டேன். பிறகுதான் கண்ணில் பட்டது: அமரத்தில் இருந்த திறந்த மாடங்களை 1800–1803 பெரும் பழுதுபார்ப்பில் மூடிவிட்டார்கள். என் கையிலிருந்தது மூடிய அமரம், டிரஃபால்கர் விக்டரி. அட்டையைக் குப்பையில் போட்டுவிட்டுப் பித்தளைக் கம்பி வாங்கக் கிளம்பினேன்.