பிடி-எல்1 22சி3 பரிசோதனைத் தொகுப்பு: கருப்பைவாய்ப் புற்றுநோயில் எதற்கு உதவும், எதற்கு உதவாது

அஜிலென்ட் நிறுவனம் டாக்கோ பெயரில் விற்கும் ‘பிடி-எல்1 ஐஎச்சி 22சி3 ஃபார்ம்டிஎக்ஸ்’ தொகுப்பு, பெம்ப்ரோலிசுமாப் என்னும் நோயெதிர்ப்புச் சிகிச்சை மருந்து யாருக்குப் பயன்படக்கூடும் என்று கண்டறிவதற்காக உருவாக்கப்பட்டது. அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. நோய் இனி முற்றுமா என்று இதனிடம் ஜோசியம் கேட்பவர்களுக்குத்தான் ஏமாற்றம் காத்திருக்கிறது. அப்படிக் கேட்கும் பரிந்துரைச் சீட்டுகள் குறைவல்ல என்பதால் இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

நோயெதிர்ப்புச் செல்லான டி செல்லின் மேற்பரப்பில் உள்ள பிடி-1 ஏற்பியுடன், புற்றுசெல்லின் மீதுள்ள பிடி-எல்1 புரதம் இணைந்துவிட்டால் டி செல்லின் தாக்குதல் தளர்ந்துபோகிறது; பெம்ப்ரோலிசுமாப் இந்த இணைப்பைத் தடுக்கிறது. இந்தத் தொகுப்பு பழுப்பு நிறமேற்றிக் காட்டுவது ஏற்பியை அல்ல, அதனுடன் இணையும் புரதத்தை. நிறமேறிய புற்றுசெல்கள், நோயெதிர்ப்புச் செல்களான லிம்ஃபோசைட்டுகள், மேக்ரோஃபேஜ்கள் மூன்றையும் கூட்டி, உயிருள்ள புற்றுசெல்களின் மொத்த எண்ணிக்கையால் வகுத்து நூறால் பெருக்கினால் கிடைப்பது சிபிஎஸ் மதிப்பெண். 200 புற்றுசெல்களில் 30 நிறமேறியிருந்து, உடன் 50 நோயெதிர்ப்புச் செல்களும் நிறமேறியிருந்தால் மதிப்பெண் 40. கணக்கு 100-ஐத் தாண்டினாலும் 100 என்றே எழுத வேண்டும்.

சொல்வதற்கு எளிதான இந்தக் கணக்கு, கருப்பைவாய்த் திசுவில் கண்ணைச் சோதிக்கிறது. கட்டியின் மேற்பரப்பு புண்ணாகிக் கிடப்பதால் நியூட்ரோஃபில்கள், பிளாஸ்மா செல்கள் போன்ற வேறு நோயெதிர்ப்புச் செல்களும் மொய்த்திருக்கும், அவற்றை எண்ணக்கூடாது. புற்றுசெல்லில் சவ்வின் ஓரமாக ஓடும் கோடு, பாதியளவு இருந்தாலும் மங்கலாக இருந்தாலும், கணக்கில் சேரும். செல்லின் உட்பகுதியான சைட்டோபிளாசம் மட்டும் நிறமேறியிருந்தால் சேராது. மேக்ரோஃபேஜுக்கோ சைட்டோபிளாச நிறமும் போதும். ஆகவே கட்டித் தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த தாங்குதிசுவான ஸ்ட்ரோமாவும் சந்திக்கும் விளிம்பில், எந்தப் பழுப்பு யாருடையது என்று பிரிப்பதற்கே நேரம் அதிகம் செலவாகிறது. வழக்கமான ஹீமாடாக்சிலின்-இயோசின் சாய ஸ்லைடைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் இதைப் படிக்க முயல்வது வீண் வேலை.

ஆய்வகத் தரப்பில் தொகுப்பு ஒழுங்கானது. கட்டுப்பாட்டுச் செல்கள் கொண்ட ஸ்லைடுகள் உடன் வருகின்றன. சாயமேற்றும் முறை முழுவதும் வரையறுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் ஆட்டோஸ்டெய்னர் லிங்க் 48 இயந்திரத்துக்கென்றே அங்கீகரிக்கப்பட்டது என்பதால், வேறு இயந்திரம் வைத்திருப்பவர்கள் அதே 22சி3 ஆன்டிபாடியைத் தனியே வாங்கித் தங்கள் முறையைத் தாங்களே சரிபார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. திசு ஃபார்மலினில் 12 முதல் 72 மணி நேரம் ஊற வேண்டும்; மூன்று மணி நேரத்துக்குள் அவசரமாக எடுத்துவிட்டால் முடிவு நம்பகமாக இராது.

மருந்துத் தேர்வில் இதன் மதிப்பை எண்களே சொல்கின்றன. இம்மருந்தைச் சோதித்த கீநோட்-158 ஆய்வில், ஏற்கெனவே சிகிச்சை பெற்று சிபிஎஸ் 1 அல்லது அதற்கு மேல் இருந்த 77 பேரில் 14.3 சதவீதத்தினருக்குக் கட்டி சுருங்கியது; மதிப்பெண் 1-க்குக் கீழே இருந்தவர்களில் ஒருவருக்கும் சுருங்கவில்லை. இதன் அடிப்படையில்தான் 2018 ஜூனில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஒப்புதல் அளித்தது. 617 பேர் பங்கேற்ற கீநோட்-826 ஆய்வில், சிபிஎஸ் 1-ஐ எட்டியவர்களில் 24 மாதம் கடந்து உயிருடன் இருந்தோர் கீமோவுடன் பெம்ப்ரோலிசுமாப் சேர்த்த பிரிவில் 53 சதவீதம், சேர்க்காத பிரிவில் 41.7 சதவீதம். அதே ஆய்வில் ஏறக்குறைய 89 சதவீதத்தினர் அந்த எல்லையை எட்டியிருந்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். பத்தில் ஒன்பது பேரை உள்ளே விடும் வாசலைக் கண்டிப்பான வடிகட்டி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2024 ஜனவரியில், ஃபிகோ 2014 என்னும் நோய்நிலை வகைப்பாட்டின் மூன்றாம் நிலை முதல் நான்கு-ஏ நிலை வரை, கீமோ-கதிர்வீச்சுடன் இம்மருந்தைத் தர ஒப்புதல் வந்தபோது பிடி-எல்1 நிபந்தனையே விதிக்கப்படவில்லை. அந்த நோயாளிகளுக்கு இந்தச் செலவு கட்டாயமில்லை.

முற்றுதலை முன்கூட்டிச் சொல்லும் குறியீடு தேடுவோருக்கு நோயெதிர்ப்பு ஏற்பிகள் இன்னும் ஆராய்ச்சி மேசையில்தான் இருக்கின்றன. கிருமிகளை அடையாளம் காணும் டிஎல்ஆர்9 ஏற்பியை, கருப்பைவாய்ப் புற்றுக்குக் காரணமான எச்பிவி 16 வைரஸின் இ6, இ7 புரதங்கள் அடக்குவதாக ஒரு தரப்பு காட்டியிருக்கிறது. புற்றுக்கு முந்தைய மாற்றம் தீவிரமாக ஆக அதே ஏற்பி கூடுவதாக மறு தரப்பு காட்டியிருக்கிறது. இப்படி முரண்படும் ஒன்றை அறிக்கையில் எழுதி யாருடைய சிகிச்சையையும் மாற்ற முடியாது. எச்பிவி உறுதியான பெண்களில் யாரைக் கோல்போஸ்கோபிக்கு (கருப்பைவாயை உருப்பெருக்கிப் பார்க்கும் சோதனைக்கு) அனுப்புவது என்பதே கேள்வியானால், 2020-இல் எஃப்டிஏ ஒப்புதல் பெற்ற பி16/கேஐ-67 இரட்டைச் சாயப் பரிசோதனையைக் கேளுங்கள்.

22சி3 தொகுப்பை, நோய் திரும்பிய அல்லது பரவிய நிலையில், பெம்ப்ரோலிசுமாப் உண்மையிலேயே பரிசீலனையில் இருக்கும்போது தயங்காமல் பரிந்துரைப்பேன். திசுவைப் பதித்த மெழுகு பிளாக்கில் குறைந்தது 100 உயிருள்ள புற்றுசெல்கள் இருக்கின்றனவா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் வேறு பிளாக் கேளுங்கள். அறிக்கையில் ‘பாசிட்டிவ்’ என்ற ஒற்றைச் சொல் மட்டும் இருந்தால் ஏற்றுக்கொள்ள வேண்டாம். சிபிஎஸ் எண், ஆன்டிபாடியின் பெயர், சாயமேற்றிய இயந்திரம் மூன்றும் அதில் இருக்க வேண்டும்.