கடைக்கு ஐந்து ஸ்டார், புத்தகத்துக்கு ஒன்று

ராமநாதபுரம் அரண்மனைப் பக்கத்துப் பழைய புத்தகக் கடையில் விலை நியாயம், கேட்டதைத் தேடி எடுத்துத் தருவார்கள். ஆனால் பாம்பனில் இருக்கும் அண்ணன் மகளுக்காக அங்கே வாங்கிய சிறுவர் வரலாற்றுப் புத்தகம் மோசம். ஆஸ்திரேலியா பக்கத்தில் ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக் கொடியோடு நிமிர்ந்து நிற்கிறார், பழங்குடிகள் புதருக்குப் பின்னால் குந்தியிருக்கிறார்கள், கீழே ‘நாகரிகம் அறியாதவர்கள்’ என்று போட்டிருக்கிறது. 1770 ஏப்ரலில் பாட்டனி விரிகுடாவில் அந்த ஊர்ப் பழங்குடியான குவீகல் ஆட்கள் இரண்டே பேர் கரையில் நின்று குக்கின் படகுகளை மறித்தார்கள், துப்பாக்கியால் சுட்ட பிறகும் ஈட்டி எறிந்தார்கள். அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. அப்புறம் குக்கின் ஆட்கள் அவர்களுடைய குடிசைகளிலிருந்து அள்ளிக்கொண்டு போனது மீன் குத்தும் ஈட்டிகளை, கடலோரப் பிள்ளைக்கு அது என்ன இழப்பு என்று சொல்லவே வேண்டாம். மிஞ்சிய நான்கும் 2024இல்தான் கேம்பிரிட்ஜிலிருந்து அந்த மக்களிடம் திரும்பின. தாளும் அச்சும் சரி, ஆனாலும் பிள்ளைகளுக்கு வாங்காதீர்கள்.