கடைக்காரர் பென்டிரைவா, கூகுளா, ஸ்டோரா: இலவச மென்பொருளை எங்கிருந்து எடுப்பது?

சேலத்தில் புது கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போனால், சில கடைகளில் விலை பேசும்போதே கொசுறு ஒன்று வந்துவிடும்: "ஆபீஸ், போட்டோஷாப் எல்லாம் போட்டே குடுத்துடறோம்ண்ணா." காசு கட்டாமல் பூட்டை உடைத்து ஓட்டவைக்கும் அந்தக் கிராக் வேலை செய்ய முதலில் ஆன்டிவைரஸை அணைக்க வேண்டியிருக்கும். அணைத்த நேரத்தில் உள்ளே என்ன போனது என்று போட்டவருக்கே தெரியாது. செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் ஜிஎஸ்டி கணக்கும் நெட்பேங்கிங்கும் ஓடுகிற மெஷினில் இதை ஏற்றுவதா? சட்டச் சிக்கல் வேறு. ஆபீஸ் வேலைகளையே செய்யும் லிப்ரெ ஆபீஸ் சும்மா கிடைக்கும்போது இந்த வழியைப் போட்டியிலேயே சேர்க்க மாட்டேன்.

மற்ற வழிகளில் நான் பார்ப்பது ஒன்றுதான்: மென்பொருளை எழுதியவர் கைக்கும் நம் கைக்கும் நடுவில் எத்தனை பேர் நிற்கிறார்கள்?

கூகுளில் பெயரைத் தட்டி முதலில் வருவதை அழுத்துவதுதான் பெரும்பாலோர் பழக்கம். அந்த முதல் வரி பல நேரம் காசு கொடுத்துப் போட்ட விளம்பரம். அசல் தளம் அதற்குக் கீழே இருக்கும். பொதுவான டவுன்லோடு தளங்களும் நடுவில் நிற்பவர்கள்தான். சோர்ஸ்ஃபோர்ஜ் தளம் ஒரு காலத்தில், மூல நிரலை எல்லோருக்கும் திறந்துவைக்கும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளுக்குத் தாய்வீடு. அதுவே 2015-இல் ஜிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளோடு வேண்டாத விளம்பர நிரல்களைக் கட்டிக் கொடுத்துப் பெயரைக் கெடுத்துக்கொண்டது. 2016-இல் கைமாறிய பிறகு அந்த வழக்கத்தை நிறுத்திவிட்டார்கள். இருந்தாலும் எழுதியவரின் தளம் அங்கே அனுப்பினால் மட்டும் போவேன்.

எழுதியவர் தளமே எனக்கு முதல் தேர்வு. அதிலும் இரண்டு இடறல் உண்டு. 2022-இல் வீடியோ ஓட்டும் விஎல்சியின் தளம் இந்தியாவில் பல மாதம் முடக்கப்பட்டிருந்தது; அப்படி நேரத்தில் அவசரத்துக்குக் கண்ட தளத்தில் இறக்கத் தோன்றும். 2017-இல் கம்ப்யூட்டரில் வேண்டாத கோப்புகளைத் துடைக்கும் சிகிளீனரின் 5.33 பதிப்பு நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தே, முறையான டிஜிட்டல் கையொப்பத்தோடே, தீநிரலைச் சுமந்து வந்தது. அசல் தளம் என்றால் ஆபத்து குறைவு, அவ்வளவுதான்.

மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் வீட்டுப் பெரியவர்களுக்கு ஏற்றது: தேடினோம், இறக்கினோம், அப்டேட்டும் தானே வந்துவிடும். ஆனால் சரக்கு குறைவு. கிருதா ஓவிய மென்பொருள் அதன் தளத்தில் இலவசம், ஸ்டோரில் விலை. ஏமாற்று இல்லை, அதை எழுதுபவர்களே நன்கொடை போல வைத்த விலை.

கறுப்புத் திரையில் கட்டளை தட்டத் தயங்காதவர் வின்கெட்டுக்குப் போகலாம்; மென்பொருளைக் கட்டளையால் இறக்கி ஏற்றும் மைக்ரோசாஃப்ட் கருவி அது. விண்டோஸ் 11-இல் கூடவே வருகிறது. கோப்பைப் பெரும்பாலும் எழுதியவர் தரும் இடத்திலிருந்தே இழுத்து, ஹேஷ் (கோப்பின் கைரேகை போன்ற எழுத்துத் தொடர்) சரிபார்த்து ஏற்றும். ஒரே கட்டளையில் பலவற்றையும் புதுப்பிக்கும். ஸ்டோரைவிட இதற்கே என் ஓட்டு. நினைட் என்ற தளம் இதே வேலையை டிக் அடித்து முடிக்கும், டூல்பார் எதையும் ஒட்டவிடாது. ஆனால் இலவசம் வீட்டு உபயோகத்துக்கு மட்டும். பட்டறைக்கு, ஆபீஸுக்கு என்றால் கட்டணப் பதிப்புதான். தூரத்துக் கம்ப்யூட்டரை இங்கிருந்தே இயக்கும் டீம்வியூவரும் இப்படியே. கோப்புகளைச் சுருக்கும் 7-ஜிப், லிப்ரெ ஆபீஸ், விஎல்சிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, கடையிலும் தாராளமாக ஓட்டலாம்.

ஏற்காட்டில் கணக்கு மாறும். மழை நாளில் சிக்னல் இழுத்துக்கொண்டிருக்கிற எஸ்டேட் ஆபீஸில் ஸ்டோரும் வின்கெட்டும் பாதியில் நிற்கும். 7-ஜிப் 2 எம்பிகூட வராது, லிப்ரெ ஆபீஸோ 300 எம்பிக்கு மேல். அங்கே போகிறவர்கள் கீழே சேலத்திலேயே இறக்கிக்கொண்டு போவது நல்லது. குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டும் வழக்கமாகத் தருவது சின்ன இன்ஸ்டாலர். மீதியை நெட்டில் இழுக்கும். ஆஃப்லைன் இன்ஸ்டாலர் என்று தேடி எடுக்க வேண்டும். தளத்தில் போட்டிருக்கும் 64 எழுத்து ஷா-256 ஹேஷையும் குறித்துக்கொண்டால், மேலே போனதும் விண்டோஸிலேயே இருக்கும் சர்ட்யூட்டில் (certutil) என்ற கட்டளையால் ஒப்பிட்டுவிடலாம். ஓர் எழுத்து மாறினாலும் ஏற்ற வேண்டாம்.

தமிழ் தட்டச்சுக்கான இ-கலப்பை மென்பொருளைப் பழக்கம் விடாதவர்கள் மட்டும் சுமந்தால் போதும். தமிழை ஒலிப்பு முறையில் தட்டும் விசைப்பலகை 2019 முதல் விண்டோஸ் 10-லேயே இருக்கிறது. அமைப்புகளில் மொழிப் பகுதியில் சேர்த்துக்கொள்ளலாம்.