டிபிலீக் எம்35: வளைத்த உடம்பை நிமிர்த்தியும் வைக்க வேண்டும்

பன்னிரண்டு அங்குல ஃபிகர், அதாவது கை கால் அசையும் மனித பொம்மை, சேர்ப்பவர்களுக்குப் பொதுவாக ஒரு ஏக்கம் உண்டு. முகம் அச்சு அசலாக இருக்கும்; கன்னத்து மேடு பள்ளம்கூடத் தெரியும். சட்டையைக் கழற்றினால் முழங்கையில் ஒரு குமிழ், தோளில் ஒரு வெட்டு, இடுப்பில் ஒரு பிளவு. 1964இல் ஹாஸ்ப்ரோ கம்பெனி 21 அசையும் பாகங்களோடு ஜி.ஐ. ஜோவைக் கொண்டுவந்த நாளிலிருந்தே, அசைய வேண்டுமென்றால் மூட்டு வெளியே தெரியும் என்பது வழக்கமாகிவிட்டது. அதனாலோ என்னவோ, 1/6 ஃபிகர்களில் (ஆள் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு) பல ராணுவ உடுப்பிலும் கோட்டிலும் நிற்கின்றன. துணி மூட்டை மறைத்துவிடும்.

நான் செய்ய நினைத்தது லங்கோடு மட்டும் கட்டிய குஸ்தி பயில்வான். மறைப்பதற்குத் துணியே இல்லாத ஆள். அதற்காகத் தேடியபோது கிடைத்ததுதான் டிபிலீக்கின் எம்35. டிபிலீக் ஒரு சீனக் கம்பெனி. முன்பு ஃபைசென் என்ற பெயரில் இதே மாதிரி பாடிகளை, அதாவது ஃபிகருக்கான வெற்று உடம்புகளை, விற்றுக்கொண்டிருந்தது. உள்ளே ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஒரு எலும்புக்கூடு, அதன்மேல் ஒரே தோலாக வார்த்த மென்மையான சதை. கழுத்திலிருந்து கணுக்கால்வரை எங்கும் பிளவு கிடையாது. எம்35 என்பது அவர்களுடைய ஆண் பாடிகளில் நன்றாகத் தசை ஏறிய வகை. நான் வாங்கியது தலை இல்லாத பதிப்பு. சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்த அண்ணன் துணிகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தார். இந்தியக் கடைகளில் விலை ஏன் இவ்வளவு என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல்: பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70 ஆனது.

பெட்டியைத் திறந்து கையில் எடுத்ததும் முதலில் தெரிவது கனம். பிளாஸ்டிக் பாடி எடுத்துப் பழகிய கைக்கு இது வேறு பொருள் என்று உடனே புரிந்துவிடும். தோளைத் தூக்கினால் மார்புத் தசை கூடவே இழுபடுகிறது. இடுப்பைத் திருப்பினால் வயிற்றின் ஓரத்தில் மடிப்பு விழுகிறது. முதல்முறை அந்த மடிப்பைப் பார்த்தபோது நான் உண்மையாகவே பூரித்துப்போனேன். இத்தனை வருடமாகப் பிளாஸ்டிக் உடம்பில் நான் பெயின்ட் அடித்து வரவழைக்கப் பார்த்தது இதைத்தான்.

சரி, இனி பராமரிப்பு. இந்தப் பாடியைப் பற்றிப் பேசுவதில் முக்கால்வாசி அதுதான்.

சிலிகான் பாடி என்ற பெயரில் சந்தையில் இரண்டு விதமான பொருள்கள் புழங்குகின்றன. ஒன்று நிஜ சிலிகான். இன்னொன்று டிபிஇ என்னும் ரப்பர் போன்ற பிளாஸ்டிக். டிபிஇயை மென்மையாக்க உள்ளே எண்ணெய் கலந்திருப்பார்கள். அது நாளாக ஆக மேலே கசியும், தொட்டால் பிசுபிசுக்கும். சூடு பட்டால் இளகும். சிலிகான் சூட்டைத் தாங்கும், ஆனால் ஒரு சின்னக் கீறல் விழுந்துவிட்டால் அங்கிருந்தே கிழிந்துகொண்டு போகும். பெட்டியில் என்ன பெயர் போட்டிருந்தாலும் இரண்டின் பலவீனமும் இருப்பதாக வைத்துக்கொண்டு பார்த்துக்கொள்வதே நல்லது என்பது என் கட்சி. வெயில் கூடாது, கொதிநீர் கூடாது, கூரான எதுவும் அருகில் கூடாது. நகத்தை வெட்டிவிட்டு, மோதிரத்தைக் கழற்றிவிட்டுத்தான் நான் தொடுவேன்.

திருச்சியில் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும்போது மேற்கு பார்த்த கண்ணாடி அலமாரி அடுப்பு மாதிரி ஆகிவிடும். என் பயில்வான் நிற்பது உள்ளறை அலமாரியில், ஜன்னல் வெளிச்சம் நேரே படாத தட்டில். தூசி இன்னொரு பிரச்சினை. இந்தத் தோல் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மென்மையான சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் பஞ்சுத் துணியை நனைத்துப் பிழிந்து, துடைப்பதைவிட ஒற்றி எடுக்க வேண்டும். முழு உடம்பையும் தண்ணீரில் முக்கி எடுக்காதீர்கள். கழுத்து ஓட்டை வழியாகவும் மணிக்கட்டு வழியாகவும் உள்ளே போகும் நீர் வெளியே வர வழியில்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றாலும் அந்த ஈரம் அங்கேயே கிடப்பது நல்லதல்ல. நன்றாகக் காய்ந்தபின் மேக்கப் பிரஷ்ஷால் கார்ன்ஃப்ளாரோ பேபி பவுடரோ மெல்லத் தடவி, மிச்சத்தை ஊதிவிடுங்கள். பிசுபிசுப்பு போய்விடும், செயற்கையான பளபளப்பும் அடங்கிவிடும். புகைப்படம் எடுப்பவர்களுக்கு இந்தப் பவுடர்தான் பாதி வேலை. விளக்கு வெளிச்சத்தில் தோல் தோலாகத் தெரியும்.

போஸ் வைப்பதில் பிளாஸ்டிக் பாடிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம், மூட்டு கண்ணுக்குத் தெரியாது. விரலால் அழுத்தி எலும்பு எங்கே முடிகிறது என்று தேட வேண்டும். முழங்காலை மடக்க பாதத்தைப் பிடித்துத் தள்ளாதீர்கள். மூட்டுக்கு மேலே ஒரு கை, கீழே ஒரு கை, இரண்டும் எலும்புக்குப் பக்கத்தில் இருக்கட்டும், மெதுவாக மடக்குங்கள். மடக்கியபின் தோலை விரலால் நீவி அதன் இடத்தில் உட்கார வைக்க வேண்டும். இல்லாவிட்டால் சதை ஒரு பக்கம் திரண்டு நிற்கும். இழுபட்ட தோல் எப்போதும் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும், அதனால் கொஞ்சம் கூடுதலாக மடக்கிச் சில நொடி பிடித்திருந்து விட்டால் வேண்டிய கோணத்தில் நிற்கும். எம்35இல் தசை அதிகம் என்பதால் முன்கை புஜத்தில் இடித்துக்கொள்ளும், முழங்கை முழுவதும் மடங்காது. கை பக்கவாட்டில் ஒட்டியும் நிற்காது. பயில்வானுக்கு அது பொருத்தம்தான். நிஜமான பயில்வான்களும் கையை அகட்டித்தானே நடப்பார்கள்.

கையைத் தலைக்கு மேல் தூக்கினால் அக்குள் இழுபடும். மண்டியிட்டால் முழங்காலின் முன்பக்கம் விறைக்கும். காலை விரித்தால் தொடை இடுக்கு. இந்த மூன்று இடங்களில்தான் இந்த வகைப் பாடிகள் முதலில் கிழிகின்றன. நண்பர் ஒருவர் வேறொரு கம்பெனி பாடியை இரண்டு கையும் மேலே தூக்கிய நிலையிலேயே மாதக்கணக்கில் அலமாரியில் வைத்திருந்தார். அக்குளில் வாய் பிளந்துவிட்டது. ஃபெவிக்விக் மாதிரியான பசையை வைத்து ஒட்டினார். அது கல்லாக இறுகி, அடுத்தமுறை கையை அசைத்தபோது பக்கத்திலேயே புதிதாகக் கிழிந்தது. சிலிகான் என்றால் சிலிகானுக்கென்று வரும் பசை மட்டுமே பிடிக்கும், காய்ந்தபின்னும் அது வளையும். டிபிஇக்கு அந்தப் பசை ஒட்டாது, அதற்கென்று தனியாக விற்பதை வாங்க வேண்டும்.

அதனால் நான் வைத்திருக்கும் வழக்கம் இது: துள்ளுவது, உதைப்பது, மண்டியிடுவது எல்லாம் புகைப்படத்துக்கு மட்டும். படம் எடுத்து முடிந்ததும் கை கால்களைத் தளர்த்தி நிமிர்ந்த நிலைக்குக் கொண்டுவந்துவிடுவேன். அலமாரியில் நிற்பதற்கு எப்போதும் மிதமான போஸ்.

மிதமான போஸ் என்றால் உயிரில்லாத போஸ் என்று பலர் நினைக்கிறார்கள். அவர்கள் ஒருமுறை தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போய் ரிஷபவாகன தேவரை, காளைமேல் சாய்ந்து நிற்கும் சிவனின் வெண்கலச் சிலையை, பார்த்துவிட்டு வர வேண்டும். 1011இல் வார்த்தது, திருவெண்காட்டில் கிடைத்தது. காளை இப்போது இல்லை. அதன்மேல் சாய்ந்திருந்த கை மட்டும் காற்றில் இருக்கிறது. ஒரு காலில் எடை, மறுகால் குறுக்கே, இடுப்பில் மெல்லிய சாய்வு, அதற்கு ஈடாகத் தோளில் எதிர்ச்சாய்வு. எந்த மூட்டும் எல்லைக்குப் போகவில்லை. ஆனாலும் அங்கே இல்லாத காளையின் உயரத்தைக்கூட நம்மால் சொல்லிவிட முடிகிறது! போஸ் பிடிக்க இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை. என் பயில்வானை இதே கணக்கில்தான் நிறுத்தியிருக்கிறேன். எடை வலது காலில். வலது இடுப்பு சற்று மேலே, வலது தோள் சற்றுக் கீழே. இடது முழங்கால் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. தலை இடப்பக்கம், எதிராளி நிற்கும் திசையில். பிளாஸ்டிக் பாடியில் இவ்வளவு சின்ன அசைவு கண்ணில் படவே படாது. எம்35இல் அந்தச் சாய்வுக்கே விலாவில் மடிப்பு விழுந்து மறுபக்கம் தோல் நீள்கிறது. தோலுக்கு எது நல்லதோ அதுதான் பார்வைக்கும் நன்றாக இருக்கிறது. இந்தப் பாடியில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

நிற்க வைக்க ஸ்டாண்ட் அவசியம். இவ்வளவு கனத்தைக் கணுக்கால் மூட்டு மட்டும் நெடுநாள் தாங்காது. தொடை இடுக்கில் முட்டுக்கொடுக்கும் கம்பி ஸ்டாண்டுதான் எளிதாகக் கிடைக்கும். கம்பி தோலில் அழுந்தித் தடம் விழாமல் இருக்க வெள்ளைப் பஞ்சுத் துணியைச் சுற்றிவிடுங்கள்.

துணி விஷயத்தில் சாயம்தான் எமன். கறுப்பு, சிவப்பு, ஜீன்ஸ் நீலம் எதுவானாலும் இந்தத் தோலில் இறங்கிவிட்டால் சோப்புக்குப் போகாது. முகப்பருவுக்குப் போடும் பென்சாயில் பெராக்சைடு கிரீமைக் கறைமேல் தடவி வைத்து மங்கச் செய்பவர்கள் உண்டு. ஆனால் அது தோலின் நிறத்தையும் சேர்த்து வெளுக்கக்கூடும், மறைவான இடத்தில் சோதிக்காமல் போடக்கூடாது. எனக்கோ லங்கோடு சிவப்பாகத்தான் வேண்டும். சிவப்புக் காட்டன் துணியைக் கொதிநீரில் ஊறவைத்து, அலசி, வெள்ளைத் துணியில் ஈரத்தோடு அழுத்திப் பார்த்து, ஒரு துளி சாயமும் ஒட்டாத நிலை வரும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்தேன். அப்புறம் உள்பக்கம் வெள்ளை மல் துணியை லைனிங்காக வைத்துத் தைத்தேன். நாடாவை இறுக்கிக் கட்டவில்லை. இறுக்கினால் இடுப்பில் பள்ளம் விழுந்து எழ நேரமாகும். கால்சட்டை, முழுக்கைச் சட்டை போடுபவர்கள் மணிக்கட்டில் கையைக் கழற்றிவிட்டு, நுனியில் மெல்லிய பாலித்தீன் பையை மாட்டி நுழைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். வெல்க்ரோவின் கொக்கிப் பக்கம் தோலில் உரசவே கூடாது. கடையில் விற்கும் 1/6 சட்டைகளில் பலவும் எம்35இன் மார்புக்குப் போதாது. தையல் மெஷின் உள்ளவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

தலை பொருத்துவதில் இரண்டு சிக்கல். கழுத்து தடித்தது, சாதாரணத் தலையை வைத்தால் சிறுத்துத் தெரியும். நிறம் அதைவிடப் பெரிய சிக்கல். நம்ம ஊர் மாநிறத்துக்கு நெருக்கமான பாடி எளிதில் அமையாது. பாடிக்குப் பெயின்ட் அடித்து நிறம் மாற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அக்ரிலிக் இந்தத் தோலில் பிடிக்காது, முதல் அசைவிலேயே உரிந்து வரும். பாடியை அப்படியே விட்டுவிட்டு, தலையை அதன் நிறத்துக்குக் கொண்டுவாருங்கள். தலை கெட்டியான பிளாஸ்டிக், பெயின்டை நன்றாக ஏற்கும். பாடியில் நிழல் வேண்டும் என்றால் உலர்ந்த சாக் பேஸ்டலைத் தூளாக்கிப் பவுடரோடு கலந்து பிரஷ்ஷால் தடவலாம். துடைத்தால் போய்விடும், பாடிக்குச் சேதமில்லை. என் பயில்வானின் முதுகிலும் முழங்காலிலும் இருக்கும் கோதா மண் அந்த முறையில் வந்ததுதான்.

நெடுநாள் எடுத்து வைப்பதென்றால் மல்லாக்கப் படுக்க வைத்து, கையும் காலும் சற்று அகன்றிருக்கும்படி விடுங்கள். தோலோடு தோல் ஒட்டும் இடங்களில் பெட்டியோடு வரும் மெல்லிய தாள்களை வையுங்கள். அவற்றைக் குப்பையில் போடாதீர்கள். மற்ற ரப்பர், வினைல் பொம்மைகளோடு ஒட்டி வைத்தால் ஒன்றிலுள்ள எண்ணெய் இன்னொன்றைக் கெடுக்கும், பளபளப்பான மேற்பரப்பு கரைந்து பிசினாகும்.

யாருக்கு இது வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கழுத்துவரை உடுப்பு போடும் ஃபிகர் செய்பவர்களுக்கு வேண்டாம். நல்ல பிளாஸ்டிக் பாடி விலை குறைவு, சாயப் பயமும் இல்லை. ஒரே போஸில் வைத்துவிட்டு வருடக்கணக்கில் திரும்பிப் பார்க்காதவர்களுக்கும் வேண்டாம். குழந்தைகள் கைக்கு எட்டும் வீட்டிலும் வேண்டாம். வெற்று மார்போடு நிற்கும் ஆள் வேண்டும், அவ்வப்போது எடுத்துப் பவுடர் போட்டு நிலை மாற்றி வைக்கும் பொறுமையும் உண்டு என்றால் இதைவிட எனக்குப் பிடித்த பாடி இல்லை.

வாங்கும்போது மாற்றுக் கைகள் எத்தனை ஜோடி வருகின்றன என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மாற்றுவதற்கு முன் கழற்றி வைத்த கையின் ஓட்டையை ஹேர் டிரையரில் லேசாகச் சூடு காட்டினால் இளகி, மணிக்கட்டு முளைக்கு வலிக்காமல் ஏறும். சூடு பாடியின் பக்கம் போகக்கூடாது. இந்த உடம்பில் மணிக்கட்டில் கை சேரும் இடத்தில் கோடு தெரியும். என் பயில்வானுக்கு அங்கே சாயம் போக அலசிய கறுப்புக் கயிறு கட்டியிருக்கிறேன், உள்ளே அதே மல் துணியில் ஒரு சுற்றோடு.