நதிமூலம் தேடி வாங்கிய பெட்டி: ராபர்ட் ஜான்சனின் முழுப் பதிவுகள்

பெங்களூர் சர்ச் ஸ்ட்ரீட்டை ஒட்டிய சந்தொன்றில் பழைய புத்தகங்களும் இசைத்தட்டுகளும் விற்கும் ஒரு கடையில், போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ‘ப்ளூஸ்’ இசையைப் பாடிய ராபர்ட் ஜான்சனின் ‘தி கம்ப்ளீட் ரெக்கார்டிங்ஸ்’ பெட்டியை 1,400 ரூபாய் கொடுத்து வாங்கினேன். 1990இல் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட இதில் இரண்டு குறுந்தகடுகளும் ஒரு கையேடும் இருக்கின்றன. பாடல்கள் 29, சிலவற்றை இரண்டாம் முறை பாடிப் பதிந்ததையும் சேர்த்தால் 41 பதிவுகள். இந்தப் பாடல்கள் அனைத்தும் இன்று இணையத்தில் காசில்லாமல் கிடைக்கும்போது பழைய பெட்டிக்கு எதற்குப் பணம் என்று வீட்டில் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கான பதிலாகவும் இந்த மதிப்புரையை வைத்துக்கொள்ளலாம்.

கடையைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். ‘புத்தம் புதுசு மாதிரி இருக்கும் சார்’ என்று சொல்லித்தான் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். வீட்டில் பிரித்துப் பார்த்தால் கையேட்டின் கடைசிப் பக்கங்கள் ஈரம் பட்டு ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. நீராவியில் காட்டி மெல்லப் பிரித்ததில் இரண்டு பக்கங்களின் எழுத்து போயே போய்விட்டது. திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை, விலையில் குறைக்கச் சொல்லிக் கேட்கவும் கூச்சம்.

அல்சூரில் வளர்ந்த எனக்கு ராக் இசையை அறிமுகப்படுத்தியவர் என் தாய்மாமா. வாரமெல்லாம் தூரவாணி நகரில் தொழிற்சாலை வேலை, ஞாயிறு காலையில் தேவாலயப் பாடகர் குழுவில் கிட்டார் என்று வாழ்ந்த அவரிடம், க்ரீம், லெட் செப்பலின், ரோலிங் ஸ்டோன்ஸ் ஆகிய ராக் குழுக்களின் கேசட்டுகள் ஒரு தகரப் பெட்டி நிறைய இருந்தன. 2003 ஏப்ரலில் ரோலிங் ஸ்டோன்ஸ் அரண்மனை மைதானத்தில் பாடியபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கேசட் உறையில் பாடல் பெயர்களுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் இயற்றியவர் பெயர்களைப் படிக்கும் பழக்கம் எனக்குச் சிறுவயதிலேயே உண்டு. ‘யாரு மாமா இந்த ஆர். ஜான்சன்?’ என்று ஒருமுறை கேட்டேன். ‘அவன்கிட்ட இருந்துதான்டா இவனுங்க எல்லாரும் எடுத்தானுங்க’ என்று சொல்லிவிட்டு அவர் ஒலியைக் கூட்டினார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக நானும் அந்தப் பதிலோடு நின்றிருந்தேன்.

மிசிசிப்பி மாநிலத்தைச் சேர்ந்த கறுப்பினப் பாடகரான ஜான்சன் பதிவுக் கருவியின் முன் அமர்ந்தது இரண்டே ஊர்களில்தான்: 1936 நவம்பரில் சான் அன்டோனியோவில், 1937 ஜூனில் டல்லாஸில். 1938 ஆகஸ்டில், 27 வயதில் இறந்துபோனார். அந்த ஆண்டு டிசம்பரில் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் கறுப்பினத்தவரின் இசையை முன்னிறுத்தி ஒரு பெரிய நிகழ்ச்சி நடத்திய ஜான் ஹாமண்ட், அவரைப் பாட அழைத்துவரத் தேடியபோதுதான் அவர் உயிரோடு இல்லை என்பது தெரிந்தது. ஆளுக்குப் பதில் அவருடைய இசைத்தட்டை மேடையில் ஓடவிட்டார்கள். பிறகு ஏறத்தாழ மறந்தே போயிருந்த அந்தக் குரலை, 1961இல் கொலம்பியா 16 பாடல்கள் கொண்ட ஒரு நீள்தட்டாக வெளியிட்டது. அது கடல் கடந்து இங்கிலாந்துக்குப் போய், அப்போது இருபது வயதைக்கூட எட்டாமலோ அதை ஒட்டியோ இருந்த எரிக் கிளாப்டன் (பின்னாளில் க்ரீம் குழுவின் கிட்டார் கலைஞர்), கீத் ரிச்சர்ட்ஸ் (ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கிட்டார் கலைஞர்) போன்றவர்களின் கையில் சிக்கியது. அந்த இருவரும் இந்தப் பெட்டியின் கையேட்டில் எழுதியிருக்கிறார்கள். முதன்முதலில் இந்தத் தட்டைக் கேட்டபோது, கூட வாசிக்கும் இன்னொரு ஆள் யார் என்று நண்பர் பிரையன் ஜோன்ஸிடம் கேட்டதாக ரிச்சர்ட்ஸ் சொல்வது, கேட்டுப் பார்த்தவர்களுக்கு மிகையாகத் தோன்றாது. கட்டைவிரல் அடித்தந்தியில் நடையைப் போட்டுக்கொண்டே இருக்க, மற்ற விரல்கள் மேல்தந்திகளில் குரலுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கின்றன. ஒரே கிட்டார், ஒரே ஆள்.

நான் முதலில் போட்டது ‘கிராஸ் ரோட் ப்ளூஸ்’. க்ரீம் குழுவினர் 1968 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவின் விண்டர்லேண்ட் அரங்கில் பாடி, ‘வீல்ஸ் ஆஃப் ஃபயர்’ இரட்டைத் தட்டில் வெளியிட்ட ‘கிராஸ்ரோட்ஸ்’ எனக்குத் தலைகீழ்ப் பாடம் என்பதால், மூலத்தைக் கேட்டால் அதன் மெலிந்த வடிவமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. இரண்டும் வெவ்வேறு பாடல்கள் என்றே சொல்லத் தோன்றுகிறது. ப்ளூஸ் பாட்டின் எலும்புக்கூடு எளிமையானது: நான்கு எண்ணிக்கை கொண்ட 12 சுற்று, முதலடி, அதே அடி மறுபடியும், மூன்றாவதாக அதற்குப் பதிலடி. நம் ஊர் நாட்டுப்புறப் பாட்டிலும் ஓரடியை இரண்டு முறை பாடுவது உண்டு; அடுத்த அடி மனதில் கூடி வருவதற்கு அது அவகாசம் தரும். கிளாப்டன் இந்தப் பன்னிரண்டை இம்மி பிசகாமல் கட்டி, அதன் மேல் விரைந்து ஓடும் ஒரு தந்திக் கோவையை ஏற்றிவைத்தார். ஜான்சனோ கணக்கைப் பொருட்படுத்தவே இல்லை. ஓரிடத்தில் எண்ணிக்கை ஒன்று கூடுகிறது, இன்னோரிடத்தில் சொல் முடிந்தவுடன் காத்திராமல் அடுத்த அடிக்குத் தாவுகிறார். தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்ட என் கை நாலைந்து இடங்களில் தடுமாறியது. தனியாகப் பாடுகிறவருக்கு விருத்தம் பாடுகிறவரின் சுதந்திரம் உண்டு. மூன்று பேர் சேர்ந்து வாசிக்கும் குழுவுக்கு அது கட்டுப்படியாகாது.

சொற்களில் நடந்த மாற்றம் இதைவிட முக்கியம். நாற்சந்தியில் மண்டியிட்டு இறைவனிடம் இரக்கம் கேட்கிறான் ஒருவன், போகும் வண்டிகளை நிறுத்தப் பார்க்கிறான், யாரும் அவனை அறிந்தவர்களாக இல்லை, பொழுது சாய்கிறது. இங்கே பிசாசு எங்கும் வரவில்லை என்பதை, நாற்சந்தியில் ஆன்மாவை விற்றுக் கிட்டார் கற்ற கதையைப் பப்புகளில் சளைக்காமல் சொல்லிக்கொண்டிருக்கும் நம் நண்பர்கள் கவனிக்க வேண்டும். 1930களின் மிசிசிப்பியில் அறிமுகமில்லாத சாலையில் இருட்டிய பிறகு தனியாக நிற்கும் கறுப்பினத்தவனுக்கு என்ன வேண்டுமானாலும் நேரலாம் என்பதை அறிந்து கேட்டால், பொழுது சாய்வதைப் பற்றிய அந்த அடி வயிற்றைப் பிசைகிறது. க்ரீம் பாடலில் அந்த அடி இல்லை. அதற்குப் பதில், ஜான்சனின் வேறொரு பாடலான ‘டிராவலிங் ரிவர்சைட் ப்ளூஸ்’ஸிலிருந்து ரோஸ்டேல் என்ற ஊருக்குப் போகும் அடியை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். அச்சம் போய் உல்லாசப் பயணம் வந்துவிட்டது. கிளாப்டன் திருடினார் என்று நான் சொல்லவில்லை. ஜான்சனின் பெயரை மறைக்காமல் போட்டவர் அவர். ஆனால் கைமாறும்போது எது உதிர்ந்துபோகிறது என்பதை, இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால்தான் உணர முடிகிறது.

கண்ணாடிக் குழாயையோ கத்தியையோ தந்தியின் மேல் வழுக்கவிடும் வாசிப்பு ‘கம் ஆன் இன் மை கிச்சன்’ பாடலில் உச்சத்தில் இருக்கிறது. சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த என் அத்தை, ‘இது யாரு, கோட்டுவாத்தியமா?’ என்று எட்டிப் பார்த்தார். அவர் ஏழாண்டுகள் வாய்ப்பாட்டு கற்றவர். ஜான்சன் பிடிக்கும் காந்தாரம், தாழ்ந்த காந்தாரமான சாதாரணமும் இல்லாமல் உயர்ந்த காந்தாரமான அந்தரமும் இல்லாமல் இரண்டுக்கும் நடுவில் அசைந்துகொண்டு நிற்கிறது என்று அவர் சொன்னது, இந்த இசையைப் பற்றி நான் ஆங்கிலத்தில் படித்த பல பக்கங்களைவிடத் தெளிவாக இருந்தது. பியானோவின் கட்டைகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் அந்தச் சுரம்தான் ராக் கிட்டாரில் தந்தியை வளைத்து இழுக்கும் வழக்கமாகத் தொடர்கிறது.

‘லவ் இன் வெய்ன்’ 1937 ஜூனில் டல்லாஸில் பதிவானது. பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு காதலியைப் பின்தொடர்ந்து ரயில் நிலையம் வரை போகிறவனின் பாட்டு. வண்டி கிளம்பிப் போகும்போது அதன் பின்புறம் தெரியும் இரண்டு விளக்குகளில் நீலம் தன் துயரம், சிவப்பு தன் மனம் என்கிறான். ரோலிங் ஸ்டோன்ஸ் இதை 1969இல் ‘லெட் இட் ப்ளீட்’ தட்டில், ரை கூடரின் மாண்டலினோடு, இன்னும் சில கார்டுகள் (ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டுகள்) சேர்த்துப் பாடினார்கள். பாடியது அழகு, ஆனால் உறையில் இயற்றியவராக அச்சிடப்பட்டது ஜான்சன் அல்ல, வுடி பெய்ன் என்ற பெயர். இந்தப் பாடலும் ‘ஸ்டாப் பிரேக்கிங் டவுன்’ பாடலும் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு, 1978க்கு முன் இசைத்தட்டு விற்றாலே பாடல் ‘வெளியிடப்பட்டதாக’ ஆகுமா என்ற சட்டப் புள்ளியில் நின்றது. ஆகாது என்று 2000இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்ததால், பாடல்கள் பொதுச்சொத்தாகிவிடாமல் ஜான்சனின் வாரிசுரிமையோடு நின்றன. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு மிசிசிப்பி நீதிமன்றம் ஒன்று வாரிசாக அறிவித்த மகன் கிளாட் ஜான்சன், ஜல்லி லாரி ஓட்டிப் பிழைத்தவர். நம் தெம்மாங்கு மெட்டுகள் எத்தனையோ சினிமாவுக்குள் போயிருக்கின்றன. வயல்வெளியில் அவற்றைக் கட்டிய பெண்களின் பேத்திகளை எந்த நீதிமன்றமும் தேடியதாகத் தெரியவில்லை.

இதுவரை எழுதியது நான் எதிர்பார்த்து வாங்கிய பொருள். எதிர்பாராதது, ஜான்சனே மூலம் இல்லை என்பது. ‘லவ் இன் வெய்ன்’ மெட்டு, பியானோ வாசித்துப் பாடிய லெராய் கார் 1935இல் பதிந்த ‘வென் தி சன் கோஸ் டவுன்’ பாடலை ஒட்டியது. ‘32-20 ப்ளூஸ்’ பாடலுக்கு ஸ்கிப் ஜேம்ஸின் 1931ஆம் ஆண்டு ‘22-20 ப்ளூஸ்’ முன்னோடி. என் அத்தை எட்டிப் பார்த்த ‘கம் ஆன் இன் மை கிச்சன்’, மிசிசிப்பி ஷீக்ஸ் குழுவின் 1930ஆம் ஆண்டு ‘சிட்டிங் ஆன் டாப் ஆஃப் தி வேர்ல்ட்’ மெட்டில் நடப்பது. ஜான்சன் கிராமத்து மரத்தடியில் தானாக முளைத்தவர் அல்லர். என் மாமா கேசட் கேட்டதுபோல, மற்றவர்களின் தட்டுகளைக் காதால் தின்று வளர்ந்தவர். இன்னொன்றும் கவனித்தேன்: ‘கிராஸ்ரோட்ஸ்’ இருக்கும் அதே ‘வீல்ஸ் ஆஃப் ஃபயர்’ தட்டில் க்ரீம் ‘சிட்டிங் ஆன் டாப் ஆஃப் தி வேர்ல்ட்’ பாடலையும் பாடியிருக்கிறது. ஒரே உறைக்குள் கிளையும் அதன் தாய்மரமும் இருந்தும் இத்தனை ஆண்டுகள் எனக்குத் தெரியவில்லை. நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். பெங்களூரில் குழாயைத் திறந்து காவிரியைக் குடிக்கிற நான் தலக்காவிரிக்கும் போயிருக்கிறேன். அங்கே மூலம் என்று காட்டுவது குண்டிகை என்கிற ஒரு சின்னத் தொட்டியை. அதற்கு மேலே பிரம்மகிரி இருக்கிறது, மழை பெய்துகொண்டிருக்கிறது.

இனிப் பொருளின் குறைகள். ஒரே பாடலின் இரண்டு பதிவுகளை அடுத்தடுத்து வைத்திருப்பது ஆய்வாளருக்கு வசதி. சாப்பாட்டுக்குப் பிறகு அமைதியாகக் கேட்க உட்காருபவருக்குச் சலிப்பு. பழைய தட்டுகளின் இரைச்சல் நிறையவே உண்டு. சத்தத்தைக் கூட்டி வைத்தால் மழைக்கு நடுவே ஒருவர் பாடுவதுபோல் இருக்கும். எனக்கு அது பழகிவிட்டது, என் மகளுக்குப் பழகவில்லை. ஒலித் தெளிவு வேண்டுபவர்கள் 2011இல் வந்த நூற்றாண்டுப் பதிப்பைத் தேடலாம். அதில் ‘டிராவலிங் ரிவர்சைட் ப்ளூஸ்’ஸின் இன்னொரு பதிவும் சேர்ந்து 42 ஆகியிருக்கிறது. ராக் இசையின் வேர்கள் முழுவதும் இந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன என்று எண்ணியும் வாங்க வேண்டாம். லெட் செப்பலின் 1969இல் பாடிய ‘ஹோல் லாட்டா லவ்’ பாடலுக்கு, வில்லி டிக்சன் எழுதி மடி வாட்டர்ஸ் 1962இல் பாடிய ‘யூ நீட் லவ்’வைத் தேடிச் சிகாகோவின் செஸ் நிறுவனத் தட்டுகளுக்குப் போக வேண்டும், டிக்சன் 1985இல் வழக்குத் தொடுத்து, இரண்டு ஆண்டுகளில் சமரசம் ஆனது. அதே குழுவின் ‘வென் தி லெவி பிரேக்ஸ்’ பாடலுக்கு மெம்பிஸ் மின்னியும் கன்சாஸ் ஜோ மெக்காயும் 1929இல் பதிந்த தட்டு வேண்டும். அது 1927 மிசிசிப்பி வெள்ளத்தைப் பற்றியது.

ஈரம் பட்ட பக்கங்களைக் கழித்துப் பார்த்தாலும் 1,400 ரூபாய் எனக்கு அதிகமாகத் தோன்றவில்லை. பாடல் வரிகளைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, பதிவான நாளையும் ஊரையும் பார்த்துக் கேட்பது, கைபேசியில் அடுத்த பாடலுக்குத் தள்ளிவிட்டுக்கொண்டே கேட்பதைப் போன்றதல்ல. முதல் தட்டை மாமா வாங்கிக்கொண்டு போய் மூன்று வாரமாகிறது, இன்னும் திரும்பி வரவில்லை. கடைக்காரரிடம் மிசிசிப்பி ஷீக்ஸ் கிடைக்குமா என்று கேட்டு வைத்திருக்கிறேன். வந்தால் சொல்வதாகச் சொன்னார். இந்த முறை கையேட்டைக் கடையிலேயே பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிடுவேன்.