எடை மெஷினா, தையல் நாடாவா? வயிற்றுக்குள் சேரும் கொழுப்பை எதை வைத்துக் கணிப்பது?

வயிற்றுப் பகுதியில் சேரும் கொழுப்பில் இரண்டு வகை உண்டு. தோலுக்கு அடியில் இருப்பதை விரலால் கிள்ளிப் பார்த்துவிடலாம். குடலையும் கல்லீரலையும் சுற்றிப் படிவதைக் கிள்ளவும் முடியாது, கண்ணாடியில் காணவும் முடியாது. நீரிழிவுக்கும் மாரடைப்புக்கும் அதிகம் வழிவிடுவது இந்த இரண்டாம் வகைதான். அங்கிருந்து வெளியாகும் கொழுப்பு அமிலங்கள் குடல் பகுதியின் இரத்தக் குழாய் வழியாக நேரே கல்லீரலை அடைகின்றன. கல்லீரலில் கொழுப்பு தங்குவதற்கும் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போவதற்கும் இது ஒரு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. சி.டி. ஸ்கேனில் தொப்புள் மட்டத்தில் எடுக்கும் குறுக்குவெட்டுப் படத்தைக் கொண்டு இதன் பரப்பைக் கணக்கிடலாம். ஜப்பானியர் 100 சதுர சென்டிமீட்டரை எல்லையாகக் கொள்கின்றனர். இதற்காக மட்டும் கோலாலம்பூரில் யாரும் ஸ்கேன் எடுக்கப் போவதில்லை என்பதால், வெளியிலிருந்து அளந்து ஊகிக்கும் முறைகளுள் நம்மவர் உடல்வாகுக்கு எது பொருந்துகிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

கிளினிக்கில் முதலில் கணக்கிடுவது பிஎம்ஐ. கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது. இதற்கு இப்பெயரைச் சூட்டிய ஆன்செல் கீஸ் 1972இல் மக்கள் தொகுதிகளை ஒப்பிடுவதற்காகவே இதைப் பரிந்துரைத்தார். தனி மனிதரின் வயிற்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதற்காக அல்ல. 2004இல் 'லான்செட்' மருத்துவ இதழில் புனேயைச் சேர்ந்த ஆய்வாளர் யாக்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஆய்வாளர் யுட்கினும் தங்கள் படத்தையே அருகருகே வெளியிட்டு இதைக் காட்டினர். இருவருக்கும் பிஎம்ஐ 22.3, ஆனால் யுட்கினின் உடல் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாக்னிக்குடையது 21.2 விழுக்காடு. கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளிய உடல்வாகு நம்மிடையே எவ்வளவு சாதாரணம் என்பதைப் பிரிக்பீல்ட்ஸ் உணவகங்களில் மதிய நேரத்தில் ஒரு முறை சுற்றிப் பார்த்தாலே தெரியும். மலேசிய மருத்துவ வழிகாட்டிகள் இதனால்தான் அதிக எடைக்கு 25, உடற்பருமனுக்கு 30 என்ற எல்லைகளை விட்டு 23, 27.5 என்று வைத்துள்ளன. எல்லை இறங்கியது நல்லதுதான். கொழுப்பு எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு மட்டும் பிஎம்ஐயிடம் இன்னும் விடை கிடையாது.

வயிற்றுச் சுற்றளவு அந்தக் கேள்விக்கு நேராக வருகிறது. ஆசிய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது இங்கே பின்பற்றப்படும் எல்லை. சிலுவாரின் அளவை வைத்து இதைச் சொல்ல முடியாது. தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டுபவர் 32 அங்குலச் சிலுவாரில் பல ஆண்டுகள் நிம்மதியாக இருப்பார். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில், நாடாவை இறுக்காமல் சுற்ற வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் முறை. அமெரிக்காவில் இடுப்பெலும்பின் விளிம்பிலும் ஜப்பானில் தொப்புள் மட்டத்திலும் அளக்கின்றனர். ஜப்பானின் எல்லை ஆண்களுக்கு 85, பெண்களுக்கு 90 என்று தலைகீழாக இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், அவர்கள் முறைக்கு அவர்கள் கணக்கு. இம்முறையின் உண்மையான குறை வேறு: 182 செ.மீ. உயரமுள்ளவருக்கும் 160 செ.மீ. உயரமுள்ளவருக்கும் ஒரே 90 செ.மீ. என்பது நியாயமில்லை.

வயிற்றுச் சுற்றளவைப் பிட்டச் சுற்றளவால் வகுக்கும் முறைக்கு ஆய்வு மதிப்பு அதிகம். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், மாரடைப்போடு இந்த விகிதத்துக்கு இருந்த தொடர்பு பிஎம்ஐக்கு இருந்ததைவிட வலுவாகத் தெரிந்தது. எல்லை ஆண்களுக்கு 0.90, பெண்களுக்கு 0.85. ஆனால் தொடர்ந்து கவனிப்பதற்கு இது உதவாது. 84க்கு 100 என்று இருந்த ஒரு பெண்ணின் அளவுகள் 92க்கு 109 ஆனாலும் விகிதம் 0.84தான்; எட்டு சென்டிமீட்டர் வயிறு கூடியதைக் கணக்கு விழுங்கிவிடுகிறது.

என் தேர்வு, வயிற்றுச் சுற்றளவை உயரத்தால் வகுப்பதுதான். 0.5க்குக் கீழே இருக்க வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே எல்லை. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022இல் இதையே பரிந்துரைத்து, 0.5 முதல் 0.59 வரை அபாயம் கூடியது என்றும் 0.6இலிருந்து மிக அதிகம் என்றும் வகுத்தது. 62 கிலோ எடையும் 165 செ.மீ. உயரமும் 88 செ.மீ. வயிறும் உள்ள ஆணை எடுத்துக்கொள்ளுங்கள். பிஎம்ஐ 22.8, தேர்ச்சி. வயிறு 90க்குக் கீழே, அதிலும் தேர்ச்சி. உயரத்தால் வகுத்தால் 0.53. முதல் இரண்டும் தவறவிட்டவரை மூன்றாவது பிடித்துவிடுகிறது. 148 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு 77 செ.மீ. வயிறு இருந்தாலும் இதே நிலைதான். மஸ்ஜித் இந்தியா பக்கம் வாங்கும் தையல் நாடா அங்குலத்தில் இருந்தாலும் கவலையில்லை. இரண்டையும் அங்குலத்திலேயே அளந்தால் விகிதம் மாறாது. நாடாவே இல்லாவிட்டால், உயரத்துக்கு வெட்டிய கயிற்றை இரண்டாக மடித்து வயிற்றைச் சுற்றலாம். முனைகள் சேரவில்லை என்றால் எல்லை தாண்டிவிட்டது.

மருந்துக் கடைகளிலும் சத்து பானம் விற்பவர்களிடமும் இருக்கும் மின் எடை மெஷின், உள்ளுறுப்புக் கொழுப்பு 'நிலை 11' என்று துல்லியமாகக் காட்டுவது போலத் தோன்றும். பாதங்களை மட்டும் தொடும் மெஷினில் மின்னோட்டம் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்குகிறது. வயிற்றை அது நேரடியாக அளப்பதே இல்லை. வயது, பாலினம், உயரம் ஆகியவற்றைச் சூத்திரத்தில் போட்டு மீதியை நிரப்புகிறது. குடித்த தண்ணீருக்கேற்ப எண் மாறும். ஒரு நிறுவனத்தின் நிலை இன்னொன்றின் நிலைக்கு ஒப்பாகாது. ஒரே மெஷினில், ஒரே வேளையில் ஏறிப் போக்கைக் கவனிக்கலாம், அவ்வளவே. எண் வந்த கையோடு மாவு டப்பாவும் வந்தால் சற்று யோசிக்கவும்.

நாடாவுக்கும் ஓர் எல்லை உண்டு: தோலடிக் கொழுப்பையும் உட்கொழுப்பையும் அதனால் பிரித்துச் சொல்ல முடியாது. மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய வயதுப் பெண்களிடம் தோலடிக் கொழுப்பின் பங்கு அதிகம். கர்ப்பிணிகளுக்கு இந்த அளவுகள் எதுவுமே பொருந்தாது. எனவே 0.5ஐத் தாண்டியவர் அடுத்துச் செய்ய வேண்டியது இரத்தப் பரிசோதனை. வெறும் வயிற்றில் சர்க்கரை 5.6, இரத்தக் கொழுப்பில் ஒரு வகையான டிரைகிளிசரைடு 1.7, இரத்த அழுத்தம் 130/85 ஆகியவற்றை எட்டியிருக்கிறதா, நல்ல கொலஸ்டிரால் ஆணுக்கு 1.0க்கும் பெண்ணுக்கு 1.3க்கும் கீழே இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள் (இரத்த அழுத்தம் தவிர மற்றவை லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில்). 90, 80 என்ற வயிற்று எல்லையையும் சேர்த்து இந்த ஐந்தில் மூன்று இருந்தால் அதை வளர்சிதை மாற்ற நோய்க்குறித் தொகுதி என்று கணக்கிடுகின்றனர். அதாவது வயிறு எல்லைக்குள் இருக்கும் அந்த 88 செ.மீ. ஆளும், மற்ற நான்கில் மூன்று கைமீறிப் போயிருந்தால் அதில் அடங்குவார்.